தண்ணீரில் இருபத்தெட்டு நாட்கள்

சிவில் எஞ்சினியர் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. எட்டு செமஸ்டர், இத்தனை கிரெடிட், இத்தனை சதவீத வருகை, சர்வே கேம்ப், தொழிற்பயிற்சி, கடைசியில் ஒரு புராஜெக்ட், அதற்கு மூன்று ரிவ்யூ, வெளியிலிருந்து ஒருவர் வந்து கேள்வி கேட்கும் வைவா. படித்துப் பார்த்தால் இந்த நாட்டில் இனி ஒரு பாலமும் விழாது என்று நம்பிக்கை வந்துவிடும். பெரம்பலூரில் நான் படித்த கல்லூரி அந்தப் புத்தகத்தை ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தது.

எங்களுக்கென்று வேறு பட்டியல் இருந்தது. சட்டையை உள்ளே செருக வேண்டும், தாடி கூடாது, ஷூ கறுப்பாக இருக்க வேண்டும். பெண்களோடு பேசக் கூடாது. ரெக்கார்ட் நோட்டில் நீல மை, படத்துக்குப் பென்சில், ஓரத்தில் சிவப்புக் கோடு. உள்ளே இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்டதில்லை. அவை முந்தைய பேட்சிடமிருந்து வந்தன, அவர்களுக்கு அதற்கு முந்தைய பேட்சிடமிருந்து. யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ ஒருமுறை மண்ணைச் சலித்து எடை போட்டிருக்கிறான், அதற்குப் பிறகு பெரம்பலூர் மண் மாறவே இல்லை. சர்வே கேம்ப் என்பது ஏரிக்கரையில் ஒரு நாள் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பது. மீதி நாட்களுக்கு வகுப்பறையில் உட்கார்ந்து பழைய வரைபடத்தின் மேல் தாளை வைத்து வரைந்தோம். அன்று எனக்கு வந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

நான் திருமானூர்ப் பக்கத்துக்காரன். காலையில் அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள், கல்லூரி வாசலில் இறங்கும்போது என் கறுப்பு ஷூ வெள்ளையாகியிருக்கும். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அதைப் பார்த்து என்னை வெளியே நிறுத்துவார். முதல் பீரியட் வருகை போய்விடும். நான் வாதாடுவேன். வாதாடினால் இரண்டாவது பீரியடும் போகும். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவன் என்ற பெயரை இரண்டாம் வருடத்திலேயே வாங்கிவிட்டேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இறுதி வருடப் புராஜெக்டுக்கு மூன்று பேர் ஒரு குழு. எங்கள் குழுவில் மூன்றாமவன் ஏழாவது செமஸ்டரோடு படிப்பை விட்டுவிட்டான். மிஞ்சியது நானும் லப்பைக்குடிக்காட்டுக்காரன் ஒருவனும். அவன் என்னைப்போல் இல்லை. செக்யூரிட்டிக்குக்கூட சலாம் வைத்துவிட்டு உள்ளே போகிறவன். அவனுடைய தாய்மாமா சவுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். அங்கே ஜூனியர் எஞ்சினியர் இடம் ஒன்றை அவனுக்காகச் சொல்லி வைத்திருந்தார். ஜூலைக்குள் பட்டம் கையில் வேண்டும், அதற்கு மேல் கம்பெனி காத்திருக்காது.

"நான் பாஸ் பண்ணாப் போதும் மாப்ள, பர்ஸ்ட் கிளாஸ்லாம் நீயே வெச்சுக்க" என்பான்.

அவன் வீட்டில் ஏற்கெனவே மூன்று ஆண்கள் அரபு நாட்டில் இருந்தார்கள். எல்லோரும் கடையில் நிற்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள். படித்த வேலைக்கு விசா வாங்கிப் போகிற முதல் ஆள் இவனாக இருக்க வேண்டும் என்பது அவன் வாப்பாவின் ஆசை. அதை அவன் விளையாட்டாகத்தான் சொல்வான், ஆனால் அடிக்கடி சொல்வான்.

மற்ற குழுக்கள் புராஜெக்டைத் திருச்சியில் வாங்கின. தலைப்பு, அறிக்கை, எண்கள், வரைபடம், பைண்டிங் எல்லாம் சேர்த்துத் தரும் இடங்கள் அங்கே உண்டு. மணலுக்குப் பதிலாக எதையாவது கலந்து கான்கிரீட் போடுவதுதான் எப்போதும் தலைப்பு. தேங்காய் ஓடு, பிளாஸ்டிக், உமிச் சாம்பல், எதுவாக இருந்தாலும் சரி. இருபது சதவீதம் வரை பலம் ஏறும், அதற்கு மேல் இறங்கும். எல்லா அறிக்கையின் வரைபடத்திலும் அதே குன்று. தேங்காய் ஓட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் எப்படி ஒரே குன்று வருகிறது என்று நான் வகுப்பில் கேட்டேன். துறைத்தலைவர் என்னை வெளியே போகச் சொன்னார். அந்தத் துறைத்தலைவரே பிறகு எங்கள் குழுவுக்குக் கைடாகவும் வந்து சேர்ந்தார்.

நாம் உண்மையாகவே செய்வோம் என்று சொன்னது நான். கொள்ளிடத்து மணல் லாரி லாரியாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவன், மணலுக்கு மாற்று கண்டுபிடிக்கப் போவதாக நினைத்துக்கொண்டேன். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடத்தில் மலையாகக் குவிந்து கிடந்த தூளை இரண்டு சாக்கில் அள்ளினோம். ஒன்றை அவன் தூக்கினான், இன்னொன்றையும் பாதி தூரம் அவன்தான் தூக்கினான். பஸ்ஸில் கண்டக்டர் சாக்கை உதைத்துப் பார்த்தார்.

"என்னப்பா இது, சிமெண்டா?"

"கல்லுத் தூளுங்கண்ணே. காலேஜ் புராஜெக்ட்டு."

"தூள ஏத்திக்கிட்டுப் போயி அங்க என்னா பண்ணுவீங்க?"

"கல்லு ஆக்குவோம்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான், தலைமுடி முழுக்க வெள்ளையாக.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கலவை போட்டோம். தூள் இல்லாமல் ஒன்று, பத்து சதவீதம், இருபது, முப்பது. ஒவ்வொன்றிலும் மூன்று கட்டிகள். இரும்பு அச்சில் வார்த்து மறுநாள் கழற்றினால் எட்டு கிலோ எடையில் சதுரமாக வந்து நிற்கும், அதற்கு கியூப் என்று பெயர். பன்னிரண்டு கியூபிலும் மார்க்கரால் தேதி எழுதி, லேபுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் இறக்கினோம். கான்கிரீட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். இருபத்தெட்டு நாள் மூழ்கிக் கிடந்தால்தான் அதன் பலம் இன்னதென்று சொல்ல முடியும். முதல் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம் இது.

மூன்றாம் நாள் கல்லூரிக்குத் தரச்சான்று தரும் குழு வரப்போவதாக அறிவிப்பு வந்தது. எங்கும் சுண்ணாம்பு, பெயிண்ட், பூந்தொட்டி. லேபைப் பூட்டிவிட்டார்கள். ஏழாம் நாள் செய்ய வேண்டிய சோதனையை விட்டுவிடுங்கள், இருபத்தெட்டாம் நாளுக்கு மட்டும் போதும் என்றார் கைடு. இறுதி வருட மாணவர்களை, முக்கியமாக என்னை, குழுவின் கண்ணில் படாமல் வைத்திருக்க வீட்டுக்கே அனுப்பினார்கள். நான் சந்தோஷமாகக் கிளம்பினேன். நடுவில் ஒருநாள் அவன் போன் செய்தான்.

"மாப்ள, ஒரு எட்டு போயி தொட்டியப் பாத்துட்டு வந்துருவோமா?"

"தண்ணிக்குள்ள கெடக்குற கல்லு எங்கடா ஓடிடும்?" என்றேன். பெரம்பலூர் வர எனக்கு இரண்டு பஸ், அவனுக்கு ஒன்று. ஆனால் நான் வேண்டாம் என்றால் அவன் தனியாகப் போக மாட்டான். எனக்கு அது தெரியும்.

இருபத்தெட்டாம் நாள் போனோம். கியூபுகள் தண்ணீரில்தான் கிடந்தன. தொட்டி உள்ளும் புறமும் புதிதாக நீல பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. நல்ல நிறம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். துடைத்து எடுத்துப்போய் இயந்திரத்தில் வைத்து ஒவ்வொன்றாக நசுக்கினோம். அறுநூறைத் தொட வேண்டிய முள் நானூறில் தயங்கி நின்றது. தூள் கலக்காத கியூபே தேறவில்லை. மற்றவை ஒன்று ஏறி ஒன்று இறங்கி, குன்றும் இல்லை, பள்ளமும் இல்லை.

கைடு எண்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, யோசிக்காமல் நான்கு எண்கள் எழுதினார். இருபதில் உச்சம்.

"இத டைப் பண்ணிக் கொண்டாங்க."

"இது எங்க ரீடிங் இல்ல சார்."

"ஒங்க ரீடிங்க எடுத்துக்கிட்டுப் போனா எக்ஸ்டெர்னல் ஒங்களக் கழுவி ஊத்துவாரு. வருசா வருசம் நானூறு பேர் பாஸ் பண்ணிட்டுப் போறான், ஒனக்கு மட்டும் என்னடா வலிக்குது?"

"நாலு வருசமா பொய் எழுதுனது போதும் சார்" என்றேன். நான் சொன்னது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். சொல்லும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதும் நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்ற அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

கேன்டீனுக்குப் பின்னால் வைத்து அவன் கெஞ்சினான். இதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை, உன்னிடம் கேட்கிறேன் என்று தொடங்கினான்.

"மாமா நேத்துகூட போன் போட்டாரு. ஜூலை தாண்டுனா வேற ஆளப் போட்டுருவாங்களாம். வாப்பா ஊரு பூரா சொல்லி வெச்சிருக்காரு. அந்தத் தாள டைப் பண்ணிடுவோம் மாப்ள. யாரு செத்துடப் போறா?"

"நாளைக்கு நீ கட்டுற கட்டடத்துல எவனாவது சாவான்" என்றேன்.

அவன் கேன்டீன் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். பிறகு, "சரி, ஒன் இஷ்டம். நான் ஒன்ன விட்டுட்டுப் போயி அந்த ஆளுகிட்ட நிக்க மாட்டேன்" என்றான். எங்கள் உண்மையான எண்களோடு அறிக்கை தயாரானது. முதல் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், கீழே அவன் போட்டான். அவன் கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை, சுத்தமாகப் போட்டான்.

வைவாவுக்கு வந்தவர் வேறு மாவட்டத்துக் கல்லூரியின் பேராசிரியர். வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பவர். அன்று காலையிலிருந்து ஒன்பது குன்றுகளைப் பார்த்துச் சலித்துப் போயிருந்தார். எங்கள் அறிக்கையைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மனதுக்குள் கைடைப் பார்த்துச் சிரித்தேன்.

"நெசமாவே டெஸ்ட் பண்ணீங்களா?"

"ஆமா சார்."

"எங்க ஊற வெச்சீங்க?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அவர் தொட்டி விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தார். லேப் உதவியாளர் அண்ணன் பின்னால் வந்து நின்றார். எங்கள் கல்லூரியில் உண்மையாக வேலை செய்த ஒரே ஆள் அவர்தான்.

"இதுக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?"

"கமிட்டி வந்தப்பங்க, அய்யா."

"தேதி?"

அண்ணன் தேதி சொன்னார். பெரியவர் அறிக்கையைப் புரட்டி வார்ப்புத் தேதியைப் பார்த்தார். மூன்று நாள் வித்தியாசம்.

"தண்ணிய எறைச்சுட்டுத்தானே பெயிண்ட் அடிச்சிருப்பீங்க? அப்ப இவங்க கியூப் எங்க இருந்துச்சு?"

அண்ணன் கைடைப் பார்த்தார். கைடு சுவரைப் பார்த்தார். "மொட்ட மாடியிலங்க. சார்தான் எடுத்து வெக்கச் சொன்னாரு. பெறவு போர்ல தண்ணி வரல. டெஸ்ட்டுக்கு முந்தா நாளுதான் லாரித் தண்ணி வந்துச்சு, உள்ள போட்டேன். தம்பிங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சுங்க" என்றார்.

பெரம்பலூர் மார்ச் வெயிலில், மொட்டை மாடியில், மூன்று வாரத்துக்கும் மேல். அதைத்தான் நான் உண்மை என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். கைடு எழுதித் தந்த எண்கள் பொய், என் எண்கள் குப்பை. தொட்டிக்கு முன்னால் நின்று புது பெயிண்டைப் பார்த்தவன் நான். தண்ணீர் இறைக்காமல் பெயிண்ட் அடிக்க முடியாது என்று யோசிக்காத எஞ்சினியரும் நான்தான்.

பெரியவர் கோபப்படவில்லை. "இது ரிசல்ட்டே இல்ல தம்பி. திரும்பப் போட்டுக் கொண்டு வாங்க" என்றார். வெளி ஆள் முன்னால் மானம் போன ஆத்திரத்தில் கைடு தன் பங்குக்கான மார்க்கிலும் கை வைத்தார். இரண்டு பேருக்கும் தோல்வி. அடுத்த வாய்ப்பு நவம்பரில்.

ஜூலையில் சவுதி இடம் வேறு யாருக்கோ போனது. அவன் வாப்பா அதுவரை என்னோடு பேசியதே இல்லை, அன்று அவன் போனிலிருந்து பேசினார். "நீங்கதானே தம்பி அந்த எண்ண எழுதக் கூடாதுன்னு சொன்னது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன், பேசி ஆறியிருப்பேன்.

செப்டம்பரில் மறுபடி கியூப் போட்டோம். இந்த முறை தூள் சாக்கு இரண்டையும் நான் தூக்கினேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் காலையில் அவன் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பான், தண்ணீர் குறைந்திருந்தால் குடத்தால் ஊற்றுவான். நானும் வருவேன். இருவரும் தொட்டியின் இரண்டு பக்கமும் நிற்போம். மாப்ள என்று கூப்பிடுவதை அவன் எப்போது நிறுத்தினான் என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் சொன்னான். "மாமா வேற விசா அனுப்பியிருக்காரு. வர்ற வெள்ளிக்கெழம கெளம்புறேன்."

"எஞ்சினியருக்கா?"

"பக்காலாவுல." அங்கே மளிகைக் கடைக்குப் பக்காலா என்று பெயர்.

"இன்னும் ஒம்போது நாள்தான். அதுக்கப்புறம் வைவா. ஒன்ற மாசம் பொறுத்துக்கடா."

"போன தடவையும் பொறுத்தேன்" என்றான். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

இருபத்தெட்டாம் நாள் நான் தனியாக நசுக்கினேன். உச்சம் பத்து சதவீதத்தில் வந்தது, இருபதில் இறக்கம். கைடு எழுதிய எண்ணும் இல்லை, முதலில் நான் பிடித்துத் தொங்கிய எண்ணும் இல்லை. இது நிஜமான விடை. அதை அந்த லேபில் சொல்லிக்கொள்ள எனக்கு ஆள் இல்லை. கைடு அறிக்கையைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பரில் வைவாவுக்கு வேறொருவர் வந்திருந்தார். வருகைத் தாளில் இரண்டு பதிவு எண்கள் இருந்தன. என் எண்ணுக்கு எதிரே நான் கையெழுத்துப் போட்டேன். அவனுடைய எண்ணுக்கு எதிரே கைடு சிவப்பு மையில் ஆப்சென்ட் என்று எழுதினார். வராதவனுக்குப் பட்டம் இல்லை, நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்பதும் பல்கலைக்கழகத்தின் புத்தகத்தில் இருக்கிறது. கடையில் நிற்கிறவனுக்கு அப்படி லீவு கிடைக்காது. அவன் இன்றுவரை வரவில்லை.

அறிக்கையைப் புரட்டிய எக்ஸ்டெர்னல் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்களைப் பார்த்து நின்றார்.

"இன்னொருத்தர் எங்கப்பா?"

"சவுதி போயிட்டான் சார்."

"எஞ்சினியராவா?"

"இல்ல சார். கடை வேலைக்கு."

"நாலு வருசம் படிச்சுட்டுக் கடை வேலைக்கா? ஒரு மாசம் இருந்து பட்டத்த வாங்கிட்டுப் போயிருக்கலாமே. ஏன், என்னாச்சு?"

கைடு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. தொட்டியை இறைத்ததைச் சொல்லியிருக்கலாம், கிளம்பும் நாள்வரை அவன் குடத்தால் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லியிருக்கலாம், அந்தத் தாளை டைப் பண்ணிவிடலாம் என்று அவன் கெஞ்சியதையும் நான் கேட்காததையும் சொல்லியிருக்கலாம். நான்கு வருடம் கேட்காத இடத்திலெல்லாம் உண்மை பேசியவன் நான். அன்று எனக்கு மார்க் வேண்டியிருந்தது.

"அவனுக்கு அவசரம் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கு முதல் வகுப்பு வந்தது.